'இனீபிரியேற்றட்' என்ற ஆங்கிலச் சொல்லை எங்கே எழுதலாம்?

மட்டக்களப்பில் ஒருவர் "வெறியில் நிற்கிறார்" என்று சொன்னால் அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. அதையே ஆங்கிலக் கடிதத்தில் எழுத வேண்டி வரும்போது, 'ட்ரங்க்' என்பது மரியாதைக் குறைவாகத் தோன்றுமோ என்று தயங்குபவர்கள் நாடும் சொல்தான் 'இனீபிரியேற்றட்' (inebriated). மது அருந்தி நிதானம் தவறிய நிலையில் இருப்பவரை அது குறிக்கும். உச்சரிக்கும்போது 'னீ' என்ற அசையை அழுத்த வேண்டும். 'இனீபிரியேஷன்' என்ற பெயர்ச்சொல்லில் அழுத்தம் 'யே'க்கு மாறிவிடும். குடித்திருப்பவரைக் குறிக்கும் 'எப்ரியுஸ்' என்ற இலத்தீன் சொல்லிலிருந்து இது வந்தது. குடிக்காத நிலையைச் சொல்லும் 'சோபர்' என்பதும் அதே வேரிலிருந்து பிறந்ததுதான்.

இச்சொல் அந்த நேரத்து நிலையை மட்டுமே சொல்கிறது என்பதைக் கவனத்தில் கொள்ள வேண்டும். நாள்தோறும் சாராயம் குடிப்பவராயினும், காலையில் தெளிவாக வேலைக்கு வந்தவரை இப்படி எழுத முடியாது. அவருடைய பழக்கத்தைக் குறிக்க வேறு சொற்கள் உண்டு. 1898ஆம் ஆண்டின் பிரித்தானியச் சட்டமொன்று பழக்கக் குடிகாரரை 'இனீபிரியேற்' என்றே அழைத்தது, ஆனால் அந்த வழக்கு இன்று பழையதாகிவிட்டது.

'இன்டொக்சிக்கேற்றட்' (intoxicated) என்பது இதனிலும் விரிந்த சொல். மதுவோடு போதைப்பொருளால் வரும் நிலையையும் அது அடக்கும். 1883ஆம் ஆண்டின் இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் ஆங்கில வாசகமும் 'இன்டொக்சிக்கேஷன்' என்றே சொல்வதால், பொலிஸ் முறைப்பாட்டிலோ சட்டத்தரணிக்கு எழுதும் கடிதத்திலோ அதையே பயன்படுத்துவது பொருத்தம். 'ட்ரங்க்' என்பதும் தவறான சொல்லல்ல. வினைக்குப் பின்னால் 'ட்ரங்க்' என்றும், பெயர்ச்சொல்லுக்கு முன்னால் பெரும்பாலும் 'ட்ரங்கன்' என்றும் வரும் வேறுபாட்டைப் பேணினால் போதும். 'இன் அன் இனீபிரியேற்றட் ஸ்ரேற்' என்று நீட்டி எழுதுவது பலருக்குப் பிடித்திருக்கிறது. ஒரு சொல்லில் முடிவதை ஏன் நீட்ட வேண்டும் என்பது எனக்கு விளங்கவில்லை.

அம்பாறைப் பக்கத்து அரிசி ஆலையொன்றில் இரவுக் காவலாளி தள்ளாடியதாக மேற்பார்வையாளர் அறிக்கை எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். "அவர் இனீபிரியேற்றட்" என்று தீர்ப்பைப்போல எழுதாமல், எத்தனை மணிக்குக் கண்டார், சாராய வாடை வீசியதா, பேச்சுக் குழறியதா, நடை தளர்ந்ததா என்பவற்றை முதலில் எழுதி, அதன் பின்னரே 'அப்பியர்ட் டு பி இனீபிரியேற்றட்', அதாவது அவ்வாறு தோன்றினார், என்று சேர்க்க வேண்டும். நீரிழிவுள்ளவருக்குச் சீனி மட்டம் குறைந்தாலும், தலையில் அடிபட்டவருக்கும், இதே தள்ளாட்டமும் குழறலும் வரக்கூடும் என்பதால் இந்த எச்சரிக்கை வெறும் சம்பிரதாயமல்ல; அத்தகையவரை வெறிகாரர் என்று ஒதுக்கிவிட்டால் உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

நண்பர்களோடு ஆங்கிலத்தில் கதைக்கும்போது இச்சொல்லைத் தவிர்ப்பது நல்லது, ஏனெனில் அங்கே அது கேலியாகவே ஒலிக்கும். ஆங்கில அறிக்கையைத் தமிழில் தர வேண்டியிருந்தால் 'மதுபோதையில் இருந்தார்' என்று எழுதலாம். 'மயக்கத்தில் இருந்தார்' என்று எழுதினால் நினைவிழந்து கிடந்தார் என்றே நம்மவர்கள் விளங்கிக்கொள்வார்கள்.