மலைக்குளிரில் கிராபிக்ஸ் கார்டை ஓவர்கிளாக் செய்தல்: முதல் நிமிடத்தையும் சோதியுங்கள்

ஜனவரி மாதத்தில் ஒரு நாள், காலை 6 மணிக்கு, உதகையில் என் அறைக்குள் 9 டிகிரி குளிர் இருந்தது. முந்தைய நாள் பிற்பகலில் 3 மணி நேரம் ஓடியும் ஒரு குறையும் காட்டாத அதே ஓவர்கிளாக் அமைப்பில், அதாவது கார்டை அதன் இயல்பு வேகத்துக்கு மேல் ஓட்டும் அமைப்பில், விளையாட்டைத் திறந்தேன். 40 விநாடிகூட ஆகவில்லை. திரை கறுத்தது, கார்டின் விசிறிகள் ஒரு கணம் நின்று மீண்டும் சுழன்றன. விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவென்ட் வியூவரில் 4101 என்ற எண்ணோடு, டிஸ்ப்ளே டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) பதில் தராமல் நின்று மீண்டதாக ஒரு குறிப்பு பதிவாகியிருந்தது. கார்டு சூடானால்தான் தடுமாறும் என்று நம்பியிருந்த எனக்கு, அது குளிரில் தடுமாறியதன் காரணம் பிடிபட இரண்டு வாரங்கள் ஆயின. மலையில் இருந்துகொண்டு முதன்முறையாக ஓவர்கிளாக் செய்பவர்களுக்கு அந்த இரண்டு வாரங்கள் மிஞ்ச வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது 170 வாட் மின்திறன் கொண்ட, என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு. டிரைவரைப் புதுப்பித்து, ஹீட்சிங்கில் (வெப்பத்தை வெளியேற்றும் உலோகத் தகடுகளில்) படிந்த தூசியைத் துடைத்துவிட்டுத் தொடங்குங்கள். கருவிகளில், கார்டின் வேகத்தையும் விசிறியையும் மாற்ற உதவும் எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருள் ஒன்றே போதும். கார்டுடன் தரப்படும் நிறுவன மென்பொருள்களைவிட அது இலகுவானது, எந்த நிறுவனத்தின் கார்டிலும் இயங்கும். அதை எம்எஸ்ஐயின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். அதன் பெயரில் தீநிரலைப் பரப்பிய போலித் தளத்தைப் பற்றி 2021இல் அந்நிறுவனமே எச்சரித்திருக்கிறது.

எதையும் மாற்றுவதற்கு முன், கார்டின் திறனை அளந்து மதிப்பெண் தரும் யூனிஜின் சூப்பர்பொசிஷன் என்ற சோதனை மென்பொருளை ஒருமுறை ஓட்டி, மதிப்பெண், உச்ச வெப்பநிலை, ஓட்டத்தின் இறுதியில் நின்ற கோர் கிளாக் (கார்டின் முதன்மைச் சிப்பின் வேகம்) ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். ஃபர்மார்க் என்ற சோதனை மென்பொருளை நான் பயன்படுத்துவதில்லை. எந்த விளையாட்டும் தராத சுமையை அது கார்டின் மீது ஏற்றுகிறது. அதனால் மின்வரம்பில் முட்டி கிளாக் இறங்கிவிடுவதால், உயர்ந்த கிளாக்கில் கார்டு தாங்குமா என்பது தெரியாமலே போகிறது.

அடுத்தது விசிறி. 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள உதகையில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ முக்கால் பங்குதான். எனவே விசிறி அதே வேகத்தில் சுழன்றாலும் அது தள்ளும் காற்றின் நிறை குறைவு. குளிர் இதை ஈடுசெய்துவிடும் என்று விட்டுவிடாமல், 60 டிகிரியிலேயே விசிறி 60 விழுக்காட்டை எட்டும்படி வளைகோட்டை அமையுங்கள். கார்டு இழுக்கக்கூடிய மின்திறனின் வரம்பான பவர் லிமிட்டை உச்சத்துக்கு நகர்த்துங்கள். வோல்டேஜைத் தொட வேண்டாம். தொடக்கநிலையில் அதனால் கிடைக்கும் ஆதாயம் அதன் ஆபத்துக்கு ஈடாகாது.

இனி கோர் கிளாக்கை 15 மெகாஹெர்ட்ஸ் வீதம் உயர்த்தி, ஒவ்வோர் உயர்வுக்குப் பின்னும் யூனிஜின் ஹெவன் என்ற மற்றொரு சோதனை மென்பொருளை 10 நிமிடம் ஓட்டித் திரையைக் கவனியுங்கள். வெண்புள்ளிகள் மின்னினாலோ, முக்கோணத் துண்டுகள் தெறித்தாலோ, காட்சி உறைந்தாலோ இரண்டு படி இறங்குங்கள். விண்டோஸ் தொடங்கும்போதே அமைப்பைச் செயல்படுத்தும் பொத்தானை இந்தக் கட்டத்தில் அழுத்தவே கூடாது. அது அழுத்தப்படாதவரை, கணினி நின்றுபோனாலும் மறுதொடக்கத்தில் கார்டு பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

என்னை இடறிவிட்டது இதற்கு அடுத்த படி. என் கார்டு, கோர் கிளாக்கில் 135 மெகாஹெர்ட்ஸ் கூட்டிய நிலையில் (+135இல்), பிற்பகல் முழுவதும் 66 டிகிரி வெப்பநிலையில் 1995 மெகாஹெர்ட்ஸில் நிலையாக ஓடியது. ஆனால் கார்டின் வேகத்தைத் தானாகவே ஏற்றி இறக்கும் என்விடியாவின் ஜிபியு பூஸ்ட், நாம் கொடுக்கும் +135ஐ ஒரு நிலையான வேகமாகக் கொள்வதில்லை. வெப்பநிலை ஏற ஏறச் சுமார் 15 மெகாஹெர்ட்ஸ் படிகளாகக் கிளாக்கைக் குறைக்கிறது, குளிர்ந்திருந்தால் அதே படிகளைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. விடியற்காலையில் ஆஃப்டர்பர்னரின் வரைபடத்தைக் கண்கொட்டாமல் பார்த்தபோது, அதே +135இல் கார்டு 2040இல் தொடங்கியது. அந்த மூன்று படிகள்தாம் அதனால் தாங்க முடியாதவை. ஓரளவு சூடேறி அவை குறைவதற்குள் டிரைவர் விழுந்துவிடுகிறது.

ஆகவே, இரவு முழுவதும் அணைத்து வைத்த கணினியை, அறை மிகக் குளிர்ந்திருக்கும் நேரத்தில் இயக்கி, உடனே கடுமையான ஒரு விளையாட்டைத் திறந்து முதல் 2 நிமிடங்களைச் சோதியுங்கள். இதைக் குறைந்தது 5 நாட்கள் செய்யுங்கள். நான் +90க்கு இறங்கியதும் குளிர்ந்த நிலையிலும் 1995இல் தொடங்கியது. அதன் பிறகு 4101 வரவே இல்லை. பிற்பகல் வேகத்தில் 45 மெகாஹெர்ட்ஸ் போனது விளையாட்டில் எனக்குத் தெரியவில்லை.

மெமரி கிளாக்கை 100 மெகாஹெர்ட்ஸ் வீதம் உயர்த்தலாம். இங்கே திரையைவிட மதிப்பெண்ணை நம்புங்கள். கிளாக்கை ஏற்றியும் மதிப்பெண் இறங்கினால் எல்லை தாண்டிவிட்டது என்று பொருள். ஜிடிடிஆர்6எக்ஸ் மெமரி உள்ள 3080, 3090 போன்ற கார்டுகள் பிழையைக் கண்டறிந்து தரவை மீண்டும் அனுப்புவதால், காட்சி கெடாமலே வேகம் மட்டும் குறையும்.

ஈரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மூடுபனி இறங்கும் மாலையில் சன்னலைத் திறந்து வைத்திருந்தபோது, அணைந்திருந்த கார்டின் பின்தகட்டில் விரலால் கோடு இழுக்கும் அளவுக்கு ஈரம் படிந்திருந்தது. அப்படி இருந்தால் மின்இணைப்பைத் துண்டித்து, தகடு முழுவதும் உலரும்வரை காத்திருங்கள்.

பின்னர் சேர்த்தது: குன்னூரில் உள்ள நண்பர் ஒருவர் இதே முறையைப் பின்பற்றியபோது, சோதனையின் நடுவில் கணினியே அணைந்தது. கார்டில் குறை இல்லை. அவருடைய 600 விஏ யு.பி.எஸ். 360 வாட்டுக்கு மேல் தராது. பவர் லிமிட்டை உயர்த்திய பின் கார்டு, பிராசஸர், மானிட்டர் மூன்றும் சேர்ந்து அதைத் தாண்டிவிட்டன. மானிட்டரைத் தனி இணைப்புக்கு மாற்றி, பவர் லிமிட்டை 100 விழுக்காட்டுக்குக் கொண்டுவந்ததும் அவருடைய சோதனை முழுமையாக ஓடி முடிந்தது.