சைபர் அச்சுறுத்தல்களை வகைப்படுத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்: நாட்பெட்யாவை வைத்து ஒரு பார்வை

2017 ஜூன் 27 அன்று உக்ரைனில் தொடங்கிப் பல நாடுகளில் கணினிகளை முடக்கிய நாட்பெட்யா என்ற தீநிரலை முதலில் பலரும் ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் நிரல்) என்றே குறித்துக்கொண்டார்கள். திரையில் 300 டாலருக்கு பிட்காயின் கேட்டால் வேறென்ன நினைப்பது? ஆனால் யாருக்கு எந்தச் சாவி என்று கண்டுபிடிக்க அது காட்டிய அடையாளக் குறியீடு வெறும் கண்டபடி அடுக்கிய எழுத்துகள். பணம் கட்டியவருக்கும் பூட்டைத் திறக்கும் சாவி கிடைக்க வழியே இல்லை. அழிப்பதற்கென்றே எழுதிய நிரல் அது.

வெளித்தோற்றத்தை வைத்து வகை பிரிப்பதுதான் முதல் தவறு; என்னைக் கேட்டால் பெரிய தவறும் அதுதான். ரான்சம்வேர் என்று எழுதிய உடனே பேரம், பணம், சாவி என்று யோசனை ஓடும். அழிப்பு என்று எழுதியிருந்தால் எதை உடனே துண்டிப்பது, எதிலிருந்து மீட்பது என்று ஓடியிருக்கும். ஆகவே விளைவையும் எதிரியின் நோக்கத்தையும் தனித்தனியாகக் குறியுங்கள்.

அடுத்து, எந்தத் தரவு எங்கிருந்து எங்கே போகிறது என்று அம்புக்குறி போட்டு அச்சுறுத்தல் படம் வரையும்போது முகம் தெரியாத வெளியாளை மட்டும் எதிரியாகப் போடுவது. நாட்பெட்யா நுழைந்தது எம்.இ.டாக் என்ற உக்ரைனியக் கணக்கு மென்பொருளின் அப்டேட் வழியாக. அப்டேட் சர்வரிலிருந்து உள்ளே வரும் அம்புக்குறி எத்தனை படங்களில் இருக்கிறது? நம்பிக்கை எல்லையை, அதாவது நாம் நம்பும் பகுதிக்கும் மற்றதற்கும் இடையிலான கோட்டைத் தாண்டும் எந்தத் தரவு ஓட்டத்தையும் ‘நம்ம ஆளுதானே’ என்று விடக் கூடாது.

மைக்ரோசாஃப்டில் 1999இல் உருவான, அச்சுறுத்தல்களைப் பட்டியலிட உதவும் ஸ்ட்ரைட் முறையில் ஆறு வகைகள்: ஆள்மாறாட்டம், தரவைத் திருட்டுத்தனமாகத் திருத்துதல், செய்ததை மறுத்தல், தகவல் கசிவு, சேவை முடக்கம், அதிகார உயர்வு. ஓர் அச்சுறுத்தலை இதில் ஒரே பெட்டியில்தான் அடைக்க வேண்டும் என்று கூட்டம் போட்டு வாதாடுவது வீண். எதையும் மறக்காமல் யோசிக்கத்தான் அந்தப் பட்டியல்.

ஒரு பாதுகாப்பு ஓட்டையின் தீவிரத்தைக் காட்டும் சிவிஎஸ்எஸ் மதிப்பெண்ணையே ஆபத்தின் அளவாக எடுத்துக்கொள்வதும் அடிக்கடி நடக்கிறது. நாட்பெட்யா பயன்படுத்திய விண்டோஸ் ஓட்டைகளுக்கு மைக்ரோசாஃப்ட் அந்த ஆண்டு மார்ச்சிலேயே பேட்ச் வெளியிட்டிருந்தது. பேட்ச் போட்ட கணினிகளும் விழுந்தன. காரணம், ஒரு கணினியின் நினைவகத்திலிருந்து திருடிய கடவுச்சொல்லை வைத்து அது அடுத்த கணினிக்குத் தாவியது. ஓட்டைகளைத் தனித்தனியாக மதிப்பிட்டால் இந்தப் பாதை தெரியாது. எதிரி தன் இலக்கை அடையும் வழிகளைக் கிளை கிளையாகக் காட்டும் தாக்குதல் மரம் வரைந்தால் தெரியும்.

அப்புறம், நகல் இருந்தால் போதும் என்ற எண்ணம். மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தின் டொமைன் கன்ட்ரோலர்கள் (யார் எதில் நுழையலாம் என்று சரிபார்க்கும் சர்வர்கள்) ஒன்றுக்கொன்று நகலாக இருந்தன. எல்லாம் சேர்ந்தே அழிந்தன. கானாவில் மின்வெட்டால் அணைந்திருந்த ஒன்று மட்டும் தப்பியது. உங்கள் படத்தில் பேக்கப் என்று ஒரு பெட்டி இருந்தால், அன்றாட நிர்வாகி கணக்கை வைத்தே அதை அழிக்க முடியுமா என்று பாருங்கள். முடியும் என்றால் அங்கேயும் ஓர் அம்புக்குறி வரைய வேண்டும்.