மான்கொம்புக் கழிவைப் படிப்பது எப்படி?

இங்கிலாந்தின் யார்க் நகரில், காப்பர்கேட் தெருவில், 1976 முதல் 1981 வரை நடந்த அகழாய்வில் வைக்கிங் (வட ஐரோப்பியக் கடலோடிகள்) காலத்து மான்கொம்புச் சீப்புகள் கிடைத்தன. ஆனால் சீப்பு கிடைத்தாலே அதை அங்கே செய்தார்கள் என்று ஆகிவிடாது. வணிகரின் மூட்டையில் எங்கிருந்தோ வந்திருக்கலாம். வெட்டிப் போட்ட துண்டை யாரும் ஊர்விட்டு ஊர் சுமக்க மாட்டார்கள். அதனால் பட்டறையைத் தேடுகிறவர் முதலில் கழிவைத்தான் பார்க்க வேண்டும்.

முதல் வேலை, மண்ணைச் சலிப்பது. ரம்பத்தில் அறுபட்ட சின்னச் சில்லுகள் வெறுங்கண்ணில் தப்பிவிடும்.

அடுத்து, பொருளை அடையாளம் காணுங்கள். மானுடையது, மாட்டுடையது இரண்டையும் நாம் கொம்பு என்றுதான் சொல்கிறோம். ஆனால் மாட்டுக்கொம்பின் மேலுறை நகம் போன்றது, பெரும்பாலான மண்ணில் மட்கிவிடும். மான்கொம்பு முழுக்க எலும்பு. வெளியே கெட்டியாகவும் உள்ளே பஞ்சு போலத் துளைகளோடும் இருக்கும்.

மூன்றாவதாக, கொம்பின் அடிப்பகுதி. செம்மானின் கொம்பு ஆண்டுதோறும் உதிர்ந்து மறுபடி முளைக்கும். அடிவளையத்தின் கீழே சொரசொரப்பாக, லேசாகப் புடைத்திருந்தால் அது தானாக உதிர்ந்தது. மண்டையோட்டுத் துண்டு ஒட்டியிருந்தால் மானைக் கொன்று எடுத்தது. வைக்கிங் நகரங்களின் பட்டறைக் கழிவில் உதிர்ந்தவையே அதிகம். அப்படியென்றால் காட்டில் நடந்து பொறுக்கியவர்களை நம்பித்தான் இந்தத் தொழில் நடந்தது. எனக்கு மிகவும் பிடித்த தடயம் இதுதான்.

அறுத்துத் தள்ளிய கிளைநுனிகளைத் தனியே எண்ணி வையுங்கள்.

அப்புறம் முக்கியமான படி: சீப்பைச் செய்த வரிசையைக் கண்டுபிடிப்பது. சீப்பின் பல் கொம்பின் நீளவாக்கில் அமைந்தால்தான் உடையாது. ஆனால் ஒரே துண்டில் முழுச் சீப்பை எடுக்கக் கொம்புக்கு அவ்வளவு அகலம் இல்லை. அதனால் சிறு சதுரத் தகடுகளை வரிசையாக நிறுத்தி, இருபுறமும் நீளப் பட்டை வைத்து, ஆணி அடித்து இறுக்கினார்கள். பல் அறுக்காத சதுரத் தகடு ஒன்று உங்கள் தட்டில் இருந்தால் பத்திரப்படுத்துங்கள். அதை யாரும் விலைக்கு வாங்கியிருக்க மாட்டார்கள். பட்டறை பக்கத்திலேயே இருந்ததற்கு அது நல்ல சான்று.

இப்போது முடிந்த சீப்பு ஒன்றை எடுத்து, நீளப் பட்டையின் கீழ் விளிம்பை லென்ஸ் வைத்துப் பாருங்கள். பல்லுக்குப் பல் இடைவெளிக்கு நேராக ரம்பம் பட்ட சின்ன வெட்டுகள் தெரிகின்றனவா? சரி, ஆணி அடித்து முடித்த பிறகுதான் பற்களை அறுத்திருக்கிறார்கள்.