விநோதமான பாலியல் ஈர்ப்பு நோயாவது எப்போது? கணக்குப் போட்டுப் பார்க்கும் வழி

முதலில் "இது நார்மலா?" என்ற கேள்வியைத் தூக்கி ஓரமாக வையுங்கள். அதை வைத்துக்கொண்டு எங்கேயும் போய்ச் சேர முடியாது. மனநல மருத்துவர்கள் கேட்பது வேறு கேள்வி: இதனால் யாருக்குப் பாதிப்பு?

அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட, மனநோய்களைப் பட்டியலிடும் டிஎஸ்எம்-5 கையேடு இரண்டு சொற்களைப் பிரித்து வைத்தது. வழக்கமில்லாத, தீவிரமான, நீடிக்கும் பாலியல் ஈர்ப்பு பாராஃபிலியா. அந்த ஈர்ப்பு உள்ளவரையே அது வதைத்தாலோ, வேலையையும் உறவையும் கெடுத்தாலோ, சம்மதிக்காத இன்னொருவர் மேல் பாய்ந்தாலோதான் அது பாராஃபிலியக் கோளாறு. கோளாறு என்றால் பாராஃபிலியா கட்டாயம் இருக்கும். பாராஃபிலியா இருக்கிறது என்பதற்காகக் கோளாறு என்று சொல்லிவிட முடியாது.

ஒரு ஆளை வைத்துப் பார்ப்போம். பெண்களின் செருப்பைப் பார்த்தால்தான் இவருக்குக் கிளர்ச்சி. மனைவிக்குத் தெரியும், "சரி, வேணும்னா என் செருப்பை வச்சுக்க" என்று சிரித்துவிட்டு அவர் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார் என்றால் எழுதுவதற்கு எந்த நோயும் இல்லை. அதே ஆள் செருப்பு இல்லாமல் மனைவியை நெருங்கவே முடியவில்லை என்று தூக்கம் கெட்டு, ஆறு மாதத்துக்கு மேலாக இதே போராட்டமாக இருக்கிறார் என்றால் ஃபெட்டிஷக் கோளாறா, அதாவது ஒரு பொருள் மேல் உள்ள ஈர்ப்பு நோயாகிவிட்டதா என்று மருத்துவர் யோசிப்பார். கல்யாண மண்டப வாசலில் செருப்பைத் திருடிப் பிடிபட்டால்? திருட்டு திருட்டுதான், அது தனிக் கணக்கு. ஆனால் அந்தப் பழக்கத்தால் வேலை போகிற அளவுக்கு வந்துவிட்டால் மருத்துவரும் அதைக் கணக்கில் எடுப்பார்.

அடுத்து சம்மதம். ஒளிந்திருந்து பார்ப்பது, பொது இடத்தில் உடலைக் காட்டுவது, பஸ் நெரிசலில் உரசுவது போன்றவற்றில் "எனக்கு ஒரு வருத்தமும் இல்லையே டாக்டர்" என்பது செல்லாது. சம்மதிக்காதவரிடம் செய்துவிட்டாலே டிஎஸ்எம்மின் இந்த நிபந்தனை நிறைவேறிவிடும். அதற்காக பஸ்ஸில் உரசுகிற ஒவ்வொருவனும் நோயாளி என்று நினைக்க வேண்டாம், பலருக்கு அது வெறும் திமிர். குழந்தைகள் விஷயத்தில் சம்மதம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

அப்புறம், வருத்தம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். இந்த இடத்தில்தான் பெரும்பாலானோர் சறுக்குகிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐசிடி-11, தனியாகவோ சம்மதித்தவரோடோ நடப்பதைக் கோளாறு என்று சொல்ல ஒரு நிபந்தனை வைக்கிறது: ஊர் ஒதுக்கும் என்ற பயத்தால் வரும் வருத்தம் மட்டும் போதாது. அதைத் தாண்டிய கடும் வேதனை இருக்க வேண்டும், அல்லது அவருக்கோ துணைக்கோ பெரிய காயமோ உயிராபத்தோ ஏற்படும் நிலை வேண்டும். 2022இல் நடைமுறைக்கு வந்த இந்தப் பட்டியலில் ஃபெட்டிஷம் தனி நோயாக இல்லை. டிஎஸ்எம்மில் இன்னும் இருக்கிறது. ஆகவே யாராவது "இது நோய்" என்றால் எந்தப் பட்டியலின்படி என்று கேளுங்கள்.

பட்டியல்கள் மாறும் என்பதற்குத் தன்பாலீர்ப்பே சாட்சி. 1973இல் அமெரிக்கச் சங்கமும் 1990இல் உலக சுகாதார நிறுவனமும் அதை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டன. சென்னை உயர் நீதிமன்றத்தில் 2021இல் தொடங்கிய ஒரு வழக்கின் தொடர்ச்சியாக, தன்பாலீர்ப்பையே மாற்றிவிடுவதாகச் சொல்லும் 'மாற்று சிகிச்சை' செய்வது தொழில்முறை ஒழுங்கீனம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் அறிவித்தது. அதனால் "உன்னை மாற்றிக் காட்டுகிறேன்" என்று ஒரு மருத்துவர் சொன்னால் ஃபீஸைக்கூட யோசிக்காமல் எழுந்து வந்துவிடுங்கள்.

உண்மையில் வேதனையாக இருக்கிறது, அல்லது யாரையாவது தொட்டுவிடுவோமோ என்ற பயம் இருக்கிறது என்றால் தள்ளிப்போடாமல் மனநல மருத்துவரிடம் போங்கள். ஊர் வழக்கத்துக்கு ஒத்துப்போகவில்லை என்பதை வைத்து மட்டும் ஒருவரை மனநோயாளி என்று முடிவுகட்டக் கூடாது என்கிறது நம் நாட்டின் 2017 மனநலச் சட்டம். நீங்கள் சொல்வதை ரகசியமாக வைத்திருப்பதும் அதன்படி அவர் கடமை, ஆனால் ஒரு குழந்தைக்கு எதிராகக் குற்றம் நடந்திருப்பது தெரிந்தால் போக்சோ சட்டப்படி அவர் போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும்.