பழைய செவ்ரோலெட் எஞ்சினின் வயதை எண்களை வைத்துக் கண்டுபிடிப்பது எப்படி?

பழைய கார் விற்கிறவர்கள் எல்லாரும் ஒரே பாட்டைத்தான் பாடுவார்கள்: "எஞ்சின் ஒரிஜினல் சார், நம்பர் எல்லாம் பொருந்தும்." பொருந்துகிறதா என்று நீங்களே பார்த்துவிடலாம். ஒரு டார்ச், பழைய டூத் பிரஷ், சாக்பீஸ், போன் கேமரா, துணி, கொஞ்சம் டீசல், கார்புரேட்டர் கிளீனர். இவ்வளவுதான் வேண்டும்.

எல்லா கம்பெனிக்கும் ஒரே முறை கிடையாது. அதனால் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம்: செவ்ரோலெட்டின் ஸ்மால் பிளாக் வி8 (வி வடிவில் எட்டு சிலிண்டர் கொண்ட எஞ்சின்). 1955இல் 265 கன அங்குலக் கொள்ளளவில் வந்தது. 1957இல் 283, 1962இல் 327, 1967இல் 350 என்று வளர்ந்தது. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் அண்ணன் தம்பி போல இருக்கும். எண்ணைப் படித்தால்தான் யார் யார் என்று தெரியும்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். இந்த எஞ்சினில் இரண்டு வகை எண்கள் உண்டு. ஒன்று, இரும்பை உருக்கி ஊற்றும்போதே அச்சில் வந்தது. மேடாகப் புடைத்து நிற்கும். இது வார்ப்பு எண். இன்னொன்று, எஞ்சினைப் பூட்டிய பிறகு பஞ்ச் அடித்தது, பள்ளமாக இருக்கும். முதலாவது இரும்புக்கட்டி (பிளாக்) பிறந்த கதை. இரண்டாவது, அது எந்தக் காருக்கு வாழ்க்கைப்பட்டது என்ற கதை. புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

படி 1: வார்ப்பு எண்

எஞ்சினின் பின்பக்கம், கியர்பாக்ஸின் பெல் ஹவுசிங் வந்து சேரும் விளிம்பின் மேல்பகுதியைப் பாருங்கள். இது அமெரிக்க வண்டி, ஸ்டியரிங் இடது பக்கம். அந்த ஓட்டுநர் பக்கத்தில், ஹெட்டுக்கு (சிலிண்டர்களின் மேல்மூடி) பின்னால், பொதுவாக 7 இலக்க எண் ஒன்று இருக்கும். அறுபது வருட ஆயிலும் தூசியும் அப்பிக் கிடக்கும். டீசல் தொட்டுத் தேய்த்து, துடைத்து, காய்ந்த பிறகு சாக்பீஸைப் படுக்கவைத்து மேலே உரசுங்கள். புடைத்த எண் வெள்ளையாகத் தெரியும்.

உங்களுக்கு 3970010 கிடைத்ததாக வைத்துக்கொள்வோம். மிகவும் பரவலான எண். 1969 முதல் 1979 வரை 350 எஞ்சினுக்கு ஓடியது. ஆனால் செவ்ரோலெட்டின் கமாரோ காரில் இசட்/28 என்ற வேக ரகத்தின் 1969 மாடலுக்கு வந்த 302 எஞ்சினிலும் இதே வார்ப்பு உண்டு. இரண்டுக்கும் போர் (சிலிண்டரின் விட்டம்) 4 அங்குலம்தான். ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்) மட்டும் 302க்கு 3 அங்குலம், 350க்கு 3.48. கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) வேறு, கட்டி ஒன்று. அதனால் வார்ப்பு எண்ணை மட்டும் வைத்து "இது 302" என்று யாராவது விலை சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். அதேபோல "010 என்றால் நாலு போல்ட் மெயின்", அதாவது கிராங்கைப் பிடிக்கும் மூடிகளில் நாலு போல்ட், என்பார்கள். இதுவும் கதைதான். இந்த எண்ணில் இரண்டு போல்ட்டும் உண்டு, நாலு போல்ட்டும் உண்டு. எஞ்சினின் அடியில் உள்ள ஆயில் சம்பைக் கழற்றிப் பார்த்தால்தான் தெரியும்.

படி 2: வார்ப்புத் தேதி

அதே பின்விளிம்பில், பெரும்பாலும் மறுபக்கம். முதலில் மாதத்துக்கு ஓர் ஆங்கில எழுத்து: ஜனவரிக்கு ஏ, பிப்ரவரிக்கு பி என்று டிசம்பருக்கு எல் வரை. அப்புறம் நாள். கடைசியில் வருடத்தின் ஒற்றை இலக்கம். "எஃப் 17 9" என்றால் ஜூன் 17, வருடம் 9இல் முடிகிறது.

எந்த 9? வம்பு இங்கேதான். நம் 3970010 எண் 1969இலும் ஓடியது, 1979இலும் ஓடியது. வார்ப்பு எண்ணும் வார்ப்புத் தேதியும் கையில் இருந்தும் பத்து வருடம் ஊசலாடும். அடுத்த படிதான் தீர்த்துவைக்கும்.

படி 3: பஞ்ச் அடித்த எண்

எஞ்சினின் முன்பக்கம், பயணி பக்கத்து ஹெட்டுக்கு முன்னால் பிளாக்கின் மேற்பரப்பு கொஞ்சம் நீண்டு ஒரு சின்னத் திண்ணை போல இருக்கும். பல கார்களில் ஆல்டர்னேட்டரோ அதன் பிராக்கெட்டோ மறைத்துக்கொண்டிருக்கும்.

இங்கே கம்பி பிரஷ், உப்புத்தாள் எதுவும் கூடாது. கார்புரேட்டர் கிளீனர், துணி, டூத் பிரஷ், அவ்வளவுதான். ஏன் என்று பின்னால் சொல்கிறேன். டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடியுங்கள். பள்ளங்களில் நிழல் விழுந்து எழுத்து எழும்பும். ஒரே கோணத்தில் ஒரு படம் போதாது. ஒருமுறை 3ஐ 8 என்று படித்து, இரண்டு நாள் தவறான பட்டியலைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

"வி0624டிஇசட்" (V0624DZ) என்று இருக்கிறதா? வி என்றால் பிளின்ட் ஆலை (டோனவாண்டா ஆலைக்கு டி (T), கனடாவின் மெக்கின்னன் ஆலைக்கு கே). 0624 என்றால் ஜூன் 24. வருடம் இதில் இருக்காது. கடைசி எழுத்துகள் எஞ்சின் எந்த வகை என்பதற்கு. 1969 வரை பெரும்பாலும் இரண்டு எழுத்து, 1970இலிருந்து மூன்று. டிஇசட் (DZ) என்பது 1969 இசட்/28இன் 302. ஆக, நம் 9 என்பது 1969. ஊசல் நின்றது.

அருகில் இன்னொரு வரிசை இருக்கலாம். சில வண்டிகளில் அது ஆயில் ஃபில்டருக்கு மேலே போயிருக்கும். காரின் அடையாள எண்ணிலிருந்து எடுத்த பகுதி இது. 1968 மாடலிலிருந்து எதிர்பார்க்கலாம். "19என்" என்று தொடங்கினால் 1 செவ்ரோலெட், 9 என்பது 1969, என் என்பது ஓஹியோவின் நார்வுட் ஆலை. பின்வரும் ஆறு இலக்கம், டாஷ்போர்டில் உள்ள எண்ணின் கடைசி ஆறோடு ஒத்துப்போக வேண்டும்.

"சிஇ" (CE) என்று ஆரம்பித்தால் அது மாற்று பிளாக். வாரண்டியில் டீலர் கவுன்ட்டர் வழியாக வந்தது. திருட்டு இல்லை, ஆனால் காரோடு பிறந்ததும் இல்லை.

படி 4: தேதிகளை வரிசையில் நிறுத்துங்கள்

வார்ப்பு முதலில், எஞ்சின் பூட்டியது அடுத்து, கார் பூட்டியது கடைசியில். நம் எடுத்துக்காட்டில் ஜூன் 17 வார்ப்பு, ஜூன் 24 எஞ்சின். கமாரோவின் தீச்சுவரில் (எஞ்சினுக்கும் உள்ளே உட்காருமிடத்துக்கும் நடுவே உள்ள தடுப்பு) உள்ள தகட்டில் "07ஏ" என்று இருந்தால் கார் ஜூலை முதல் வாரம். கச்சிதம். தகட்டில் "04பி" இருந்தால்? ஏப்ரல் இரண்டாம் வாரத்துக் காருக்குள் ஜூனில் வார்த்த எஞ்சின் தொழிற்சாலையில் ஏறியிருக்க முடியாது. இடைவெளி பல மாதம் நீண்டாலும் கேள்வி கேளுங்கள். சில நாள் முதல் சில வாரம் வரை என்றால் சாதாரணம்.

படி 5: பஞ்ச் உண்மையானதா?

கம்பி பிரஷ் வேண்டாம் என்றது இதற்காகத்தான். தொழிற்சாலையில் அந்த மேற்பரப்பைச் சீவும்போது முன்னிருந்து பின்னாக, இணையாக, மயிரிழைக் கோடுகள் விழும். எண் இந்தக் கோடுகளின் மேல் அடித்திருக்க வேண்டும். லேத் பட்டறையில் பிளாக்கின் மேற்பரப்பைச் சீவிவிட்டால் பழைய எண்ணும் போகும், கோடும் போகும். பிறகு யாரோ புதிதாகப் பஞ்ச் அடித்தால் கண்ணாடிபோல வழவழப்பான தளத்திலோ, வட்டமாகச் சுழன்ற கீறல்களிலோ எண் உட்கார்ந்திருக்கும். நீங்களே உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் நல்ல எஞ்சினும் போலியாகத் தெரியும்.

கோடுகள் இல்லை என்பதாலேயே விற்பவர் ஏமாற்றுகிறார் என்று முடிவு கட்டாதீர்கள். எஞ்சின் வேலை பார்த்தபோது நேர்மையாகவே சீவியிருக்கலாம். எண்ணே இல்லாத வழவழப்பு ஒரு மாதிரி. வழவழப்பின் மேல் பளபளவென்று புது எண் இருப்பது வேறு மாதிரி. இரண்டாவதற்கு இசட்/28 விலை கொடுக்காதீர்கள்.