பனி ஓவியங்களை வைத்து ஒரு வாசிப்புச் சவால்: டாஸ்க் எழுதுவது எப்படி?

டிசம்பரிலிருந்து பிப்ரவரி முடிய ஒரு வாசிப்புச் சவால் நடத்தலாம் என்று உங்கள் குழுவில் பேச்சு வந்திருக்கிறது. குளிர்காலம்தானே, "அட்டையில் பனி உள்ள புத்தகம்", "தலைப்பில் வெள்ளை என்று வரும் புத்தகம்" என்று எட்டுப் பத்து டாஸ்க், அதாவது எந்த மாதிரிப் புத்தகம் படிக்க வேண்டும் என்ற நிபந்தனை, எழுதிப் போட்டுவிடலாம். ஆனால் அப்படிப் போட்டால் ஆளாளுக்கு அலமாரியில் அட்டைப்படத்தைத்தான் தேடுவார்கள். ஒரு டாஸ்க், வழக்கமாக நாம் எடுக்காத புத்தகத்தை எடுக்க வைக்க வேண்டும். எடுத்ததைக் கொஞ்சம் வேறு கண்ணோடு படிக்கவும் வைக்க வேண்டும்.

அதற்கு எனக்குத் தெரிந்து மிக நல்ல மூலப்பொருள், பிரான்ஸின் இம்ப்ரஷனிச ஓவியர்கள் வரைந்த பனிக்கால ஓவியங்கள். ஓவியத்தைப் பற்றி முன்னமே எதுவும் தெரிந்திருக்க வேண்டாம். ஒரு படத்தைப் பத்து நிமிடம் பார்க்கும் பொறுமை இருந்தால் போதும்.

இவர்கள் யார் என்று சுருக்கமாக: மோனே, பிஸ்ஸாரோ, சிஸ்லி, ரென்வா, டெகா, பெர்த் மொரிசோ முதலானவர்கள் சேர்ந்து 1874 ஏப்ரல் 15 அன்று பாரிஸில், நாடார் என்ற புகைப்படக்காரரின் பழைய ஸ்டூடியோவில், தாங்களே ஒரு கண்காட்சி வைத்தார்கள். அரசு ஆதரவுடன் நடந்த 'சலோன்' கண்காட்சியில் திரும்பத் திரும்ப நிராகரிக்கப்பட்டவர்கள் இவர்களில் பலர். 1886 வரை மொத்தம் எட்டுக் கண்காட்சிகள். வெளியே போய், வெளிச்சம் மாறுவதற்குள் வரைவது இவர்களில் பலருடைய வழக்கம். மோனேயும் பிஸ்ஸாரோவும் சிஸ்லியும் கடுங்குளிரிலும் அதை விடவில்லை. அதனால்தான் நமக்கு இத்தனை பனி ஓவியங்கள் கிடைத்திருக்கின்றன.

படி 1: அளவை முடிவு செய்யுங்கள்

மூன்று மாதத்துக்கு எட்டு டாஸ்க் போதும். அதில் ஐந்தை முடித்தாலே சவாலை முடித்ததாகக் கணக்கு வையுங்கள். வேலை, குழந்தைகள், பரீட்சை என்று எல்லாருக்கும் இருக்கும். பன்னிரண்டு, பதினைந்து என்று போனால் ஜனவரி பாதியிலேயே குழு அமைதியாகிவிடும்.

படி 2: ஓவியங்களைத் தேர்ந்தெடுங்கள்

ஒரு டாஸ்க்குக்கு ஓர் ஓவியம். பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகம், நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன், சிகாகோவின் ஆர்ட் இன்ஸ்டிடியூட், லண்டனின் நேஷனல் கேலரி ஆகியவற்றின் இணையதளங்களில் படங்கள் பெரிதாகவே கிடைக்கும். கூகுளில் தட்டினால் வரும் ஏதோ ஒரு படத்தை எடுக்காதீர்கள். நிறம் மாறியிருக்கும், ஓரம் வெட்டப்பட்டிருக்கும். இந்த ஓவியங்களில் நிறமும் ஓரமும்தான் பாதி விஷயம்.

ஒரே ஓவியரிடம் நின்றுவிடாமல் பாருங்கள். மோனேயை வைத்தே எட்டையும் நிரப்பிவிடலாம், அத்தனை பனி வரைந்திருக்கிறார். ஆனால் பிஸ்ஸாரோவின் பனி வேறு, சிஸ்லியின் பனி வேறு.

படி 3: ஓர் ஓவியத்தின் முன்னால் உட்காருங்கள்

இந்தப் படியை அவசரப்படுத்தாதீர்கள். டாஸ்க் நன்றாக வருவதும் வராததும் இங்கேதான் முடிவாகிறது.

மோனேயின் 'மேக்பை' ஓவியத்தை எடுத்துக்கொள்வோம். 1868–69 குளிர்காலத்தில், நார்மண்டி கடற்கரையில் எத்ரெத்தா ஊருக்குப் பக்கத்தில் வரைந்தது. இப்போது ஓர்சேயில் இருக்கிறது. முதலில் கண்ணில் படுவதை எழுதுங்கள்: பனி மூடிய நிலம், குறுக்கே ஒரு வேலி, இடது பக்கம் ஒரு மரப்படல், அதன் மேல் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு சின்னப் பறவை, அதுதான் மேக்பை. பின்னால் மரங்கள், கூரையெல்லாம் பனியாக ஒரு வீடு.

இன்னும் கொஞ்சம் பாருங்கள். படத்தில் ஒரு மனிதர்கூட இல்லை. ஆனால் வேலியைக் கட்டியவர் உண்டு, வீட்டுக்குள் யாரோ இருக்கவும் கூடும். வெயில் வேலிக்குப் பின்னாலிருந்து வருவதால் அதன் நிழல் நம் பக்கம் விழுகிறது. அந்த நிழல் என்ன நிறம்? நீலம். சாம்பலோ கறுப்போ இல்லை. வெயில் நேராகப் படாத பனிக்கு வானத்தின் ஒளி மட்டும்தான் கிடைக்கிறது, அதனால் அது நீலமாகத் தெரிகிறது. மோனே கண்ணில் பட்டதை அப்படியே வைத்தார். 1869 சலோன் இந்த ஓவியத்தை ஏற்கவில்லை. இன்று ஓர்சேயில் மக்கள் தேடிப் போய்ப் பார்க்கும் ஓவியங்களில் இது ஒன்று.

இவ்வளவும் ஒரு தாளில் வந்துவிட்டதா? சரி, இனி டாஸ்க்.

படி 4: பார்த்ததை டாஸ்க்காக மாற்றுங்கள்

ஓர் ஓவியத்திலிருந்து மூன்று வகையில் டாஸ்க் எடுக்கலாம்: படத்தில் இருக்கும் பொருளிலிருந்து, அது பிறந்த கதையிலிருந்து, அது பார்க்கும் விதத்திலிருந்து. 'மேக்பை'யை வைத்தே மூன்றையும் செய்து பார்ப்போம்.

பொருள்: "ஒரு பறவைக்கு முக்கிய இடம் உள்ள புத்தகம்." எளிது, புதியவர்களுக்கு ஏற்றது. எட்டில் இரண்டு இப்படி இருக்கலாம், அதற்கு மேல் வேண்டாம்.

பிறந்த கதை: "முதலில் நிராகரிக்கப்பட்டு, பிறகு புகழ்பெற்ற புத்தகம்." சலோன் கதவை மூடியதிலிருந்து வருகிறது. ஜார்ஜ் ஆர்வெலின் 'விலங்குப் பண்ணை' ஒன்றுக்கு மேற்பட்ட பதிப்பாளர்கள் மறுத்த பிறகுதான் 1945-ல் வெளிவந்தது. தமிழிலும் படிக்கக் கிடைக்கிறது, மெலிந்த புத்தகமும்கூட.

பார்க்கும் விதம்: "நன்றாகத் தெரியும் என்று நீங்கள் நினைத்திருக்கும் ஓர் ஊரையோ மனிதரையோ தொழிலையோ பற்றிய புத்தகம். முடித்ததும், நீங்கள் நினைத்ததற்கு மாறாக இருந்த ஒன்றை எழுதுங்கள்." நீல நிழலிலிருந்து வந்தது இது. பனி வெள்ளை, நிழல் கறுப்பு என்று பார்க்காமலே சொல்லிவிடுகிறோம் இல்லையா, அந்த இடத்தைத் தொடுகிற டாஸ்க். மூன்றில் எனக்குப் பிடித்தது இதுதான். எட்டில் குறைந்தது நான்கு டாஸ்க் இந்த வகையாக இருக்கட்டும்.

மற்ற ஓவியங்களுக்கு நான் எழுதிப் பார்த்தவற்றையும் தருகிறேன். அப்படியே எடுத்துக்கொள்ளலாம், மாற்றியும் எழுதலாம்.

பிஸ்ஸாரோவின் 'வெண்பனி' 1873-ல் வரைந்தது, 1874 கண்காட்சியில் இருந்தது. உறைபனி படிந்த உழவு நிலத்தில், முதுகில் விறகுக் கட்டுடன் ஒருவர் நடந்து வருகிறார். லூயி லெரோய் என்ற விமர்சகர் தன் கிண்டல் கட்டுரையில் இதை நிறத்தட்டைச் சுரண்டிக் கித்தானில் போட்டதாக எழுதினார். சாவதானமாகப் பார்த்தால் வயலின் குறுக்கே நீள நீளமாக நிழல்கள் கிடப்பது தெரியும். மரங்களின் நிழல்கள் அவை, ஆனால் அந்த மரங்கள் படத்துக்குள் இல்லை! இதைக் கவனித்த உடனே டாஸ்க் கிடைத்துவிடுகிறது: "கதையில் நேரில் வராத, ஆனால் கதை முழுக்கத் தன் நிழலை விழவைக்கும் ஒருவர் உள்ள புத்தகம்." இறந்துபோன அப்பா, ஊரைவிட்டுப் போன அண்ணன், பெயர் மட்டும் அடிபடும் ஜமீன்தார் என்று யாராகவும் இருக்கலாம்.

1897-ல் பிஸ்ஸாரோவுக்குக் கண் உபாதை. குளிர்காற்றில் வெளியே நின்று வரைய முடியாததால் பாரிஸில் ஒரு ஹோட்டல் அறை எடுத்து, ஜன்னல் வழியாகத் தெரிந்த மோன்மார்த்ர் பெருந்தெருவைக் காலை, மதியம், இரவு, மழை, மூடுபனி என்று தொடர்ந்து வரைந்தார். குளிர்காலக் காலையை வரைந்தது மெட்ரோபாலிட்டனிலும், இரவுக் காட்சி லண்டன் நேஷனல் கேலரியிலும் இருக்கின்றன. டாஸ்க்: "ஓர் அறைக்குள்ளிருந்தோ ஒரே இடத்தில் இருந்தபடியோ உலகத்தைப் பார்க்கும் ஒருவரின் புத்தகம்." ஆன் ஃபிராங்கின் நாட்குறிப்பு இதற்குப் பொருந்தும். சிறைக் குறிப்புகள், நோய்ப்படுக்கையில் எழுதியவை எல்லாம் பொருந்தும்.

மோனேயின் வைக்கோற்போர் வரிசை 1890–91-ல் வரைந்தது. கோடை முடிவிலிருந்து பனிக்காலம் தாண்டி, வீட்டுக்குப் பக்கத்து வயலில் இருந்த அதே போர்களைத் திரும்பத் திரும்ப வரைந்தார். பல கித்தான்களைக் கொண்டுபோய், வெளிச்சம் மாறும்போது ஒன்றை வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பார். டாஸ்க்: "ஒரே சிறுகதையை டிசம்பரில் ஒருமுறை, பிப்ரவரியில் ஒருமுறை படியுங்கள். இரண்டு தடவையும் எந்த வரி உங்களை நிறுத்தியது என்று குறித்துவையுங்கள்." ஒரே கதையின் இரண்டு மொழிபெயர்ப்புகளைப் படிப்பதையும் ஏற்கலாம்.

இன்னொரு இம்ப்ரஷனிச ஓவியரான கய்போத்தின் 'பனியில் கூரைகள்' (1878), பாரிஸ் கூரைகளை உயரத்திலிருந்து பார்க்கிறது. "மாடியிலிருந்து பார்க்கும் நகரக் கதை" என்று இதற்கு எழுதலாம். ஆனால் எனக்கு அவருடைய வாழ்க்கைதான் இன்னும் நல்ல டாஸ்க் தருகிறது. வசதியான குடும்பத்துக்காரர், நண்பர்களின் ஓவியங்கள் விலைபோகாத காலத்தில் காசு கொடுத்து வாங்கினார். 1894-ல் இறந்தபோது அந்தச் சேகரிப்பை பிரெஞ்சு அரசுக்கு எழுதிவைத்திருந்தார். அரசு தயங்கி, ஒரு பகுதியை மட்டும் ஏற்றது. டாஸ்க்: "சிறிய பதிப்பகத்தில் வந்த, அதிகம் பேசப்படாத ஓர் எழுத்தாளரின் புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்கிப் படியுங்கள்." ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி வரும். போகிறவர்களுக்கு இந்த டாஸ்க் கைகொடுக்கும்.

ரென்வாவுக்குக் குளிர் பிடிக்காது, பனி வரைவதும் பிடிக்காது. ஆனாலும் 1868-ல், பாரிஸின் போலோன் பூங்காவில் உறைந்த ஏரிமேல் சறுக்கி விளையாடும் கூட்டத்தை வரைந்திருக்கிறார். "நீங்கள் தொடவே மாட்டேன் என்று ஒதுக்கும் வகையில் ஒரு சின்னப் புத்தகம்." நூறு பக்கத்துக்கு மேல் வேண்டாம்.

இன்னொன்றும் சேர்க்கலாம். எட்டுக் கண்காட்சிகளிலும் கலந்துகொண்ட ஒரே ஓவியர் பிஸ்ஸாரோ. "ஒரே கவிஞரின் எட்டுக் கவிதைகள், நாளுக்கு ஒன்றாக, எட்டு நாள் விடாமல்." நாவல் படிக்க நேரமில்லாதவர்களும் சேர்ந்துகொள்வார்கள்.

படி 5: சோதித்துப் பாருங்கள்

எழுதியவுடன் அறிவிக்காதீர்கள். ஒவ்வொரு டாஸ்க்குக்கும் மூன்று புத்தகம் உங்களால் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். ஒன்று தமிழிலேயே எழுதப்பட்டது, ஒன்று நூலகத்தில் சுலபமாகக் கிடைப்பது, ஒன்று இருநூறு பக்கத்துக்குள். மூன்றும் கிடைக்காவிட்டால் டாஸ்க் குறுகலாக இருக்கிறது, தளர்த்துங்கள். கண்ணை மூடிக்கொண்டு இருபது புத்தகம் சொல்ல முடிந்தால் அதில் பிடிப்பே இல்லை, இன்னொரு நிபந்தனை சேர்க்கலாம்.

அப்புறம், வார்த்தைகளைப் பாருங்கள். "குளிர்காலப் புத்தகம்" என்று மொட்டையாக எழுதினால், யாராவது நிச்சயம் தஸ்தயேவ்ஸ்கியின் 'வெண்ணிற இரவுகள்' என்று வந்து நிற்பார்கள். அது பீட்டர்ஸ்பர்க்கின் கோடை இரவுகள், சூரியன் மறைந்தும் வானம் வெளுத்தே இருக்கும் காலம். அப்படி வந்தவர்மேல் தவறில்லை. நீங்கள் கேட்டது தலைப்பையா, கதை நடக்கும் காலத்தையா, படிக்கும் காலத்தையா என்று சொல்லவில்லையே. "கதையின் பாதிக்கு மேல் குளிர்காலத்தில் நடக்க வேண்டும்" என்று எழுதிவிட்டால் சந்தேகமே வராது.

குழுவுக்கு வெளியே ஒரு நண்பரிடம் கொடுத்து, விளக்கம் எதுவும் சொல்லாமல், என்ன புரிகிறது என்று கேளுங்கள். அவர் திருப்பிக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்களை டாஸ்க்குக்குள்ளேயே சேர்த்துவிடுங்கள்.

படி 6: அட்டை தயாரியுங்கள்

ஒவ்வொரு டாஸ்க்குக்கும் மேலே ஓவியம், கீழே எழுத்து என்று ஓர் அட்டை. எழுத்து இந்த அளவுக்கு இருந்தால் போதும்:

"டாஸ்க் 3. வெண்பனி, கமீல் பிஸ்ஸாரோ, 1873. வயலின் குறுக்கே விழும் நிழல்களைப் பாருங்கள். அந்த மரங்கள் படத்தில் இல்லை. நேரில் வராமலே கதையை நடத்தும் ஒருவர் உள்ள நாவலோ குறுநாவலோ படியுங்கள். நினைவோட்டத்தில் மட்டும் வருபவரையும் ஏற்கலாம். முடித்ததும் அவர் யார், எந்த இடத்தில் அவர் இல்லாதது உங்களுக்கு அதிகம் உறைத்தது என்று மூன்று வரி எழுதுங்கள்."

ஓவியத்தில் எங்கே பார்க்க வேண்டும் என்ற அந்த ஒரு வரியை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் ஓவியம் வெறும் அலங்காரமாக நின்றுவிடும். கடைசி மூன்று வரி, புத்தகம் படித்ததற்கான சான்றும் ஆகும், குழுவில் பேச்சைத் தொடங்கியும் வைக்கும்.

படி 7: நடத்துங்கள்

எட்டு அட்டையையும் முதல் நாளே போட்டுவிடுங்கள், புத்தகம் தேட நேரம் வேண்டும். ஆனால் பத்து நாளுக்கு ஓர் ஓவியம் வீதம் குழுவில் மறுபடி போட்டு, "இதில் என்ன தெரிகிறது?" என்று மட்டும் கேளுங்கள். நீங்கள் எழுதாத டாஸ்க்குகள் அந்தப் பதில்களிலிருந்து வரும், அவற்றைக் குறித்துவையுங்கள்.

பாயிண்ட் கொடுப்பதானால் பக்க எண்ணிக்கைக்குக் கொடுக்க வேண்டாம். டாஸ்க்குக்கு ஒன்று, மூன்று வரி எழுதினால் இன்னொன்று, அவ்வளவுதான்.

"இந்தப் புத்தகம் பொருந்துமா?" என்று தினமும் யாராவது கேட்பார்கள். கேட்டவரிடமே, ஓவியத்தில் எதற்கு இது பதில் சொல்கிறது என்று கேளுங்கள். அவர் ஒரு காரணம் சொன்னால் ஏற்றுக்கொள்ளுங்கள், நீங்கள் நினைத்த காரணமாக இல்லாவிட்டாலும். அந்த முடிவைத் தனிச் செய்தியில் சொல்லாமல் குழுவிலேயே எழுதிவிடுங்கள், அடுத்தவர் அதே கேள்வியோடு வரும்போது பழைய பதிலைக் காட்டலாம்.