பாட்டியையும் பேரப்பிள்ளைகளையும் ஒரே கப்பலில் அழைத்துப் போக

ஊரிலிருந்து சிங்கப்பூர் வரும் எங்கள் சொந்தக்காரர்கள் இப்போதெல்லாம் கப்பல் பயணத்தைப் பற்றித்தான் முதலில் விசாரிக்கிறார்கள். நான் எல்லாருக்கும் சொல்வது ஒன்றுதான்: சின்னப் பிள்ளைகளும் வயதானவர்களும் கூட வரும்போது, போகிற ஊரைவிடக் கப்பல்தான் முக்கியம். கடலிலேயே ஒரு முழுநாள் இருக்கிற பயணமாகப் பார்த்து எடுங்கள்.

ராயல் கரீபியன் நிறுவனத்தின் ஆந்தம் ஆஃப் த சீஸ் போன்ற கப்பல் கிட்டத்தட்ட 350 மீட்டர் நீளம். அறைக்கு இரண்டு பேர் என்ற கணக்கிலேயே 4,000 பேருக்கு மேல் தங்கலாம். அதனால் அறையை கப்பலின் நடுப்பகுதியில், லிஃப்டுக்குப் பக்கத்தில் கேளுங்கள். ஆட்டமும் குறைவு, முழங்கால் வலிக்காரர்களுக்கு நடையும் மிச்சம். தூங்க மட்டும் அறைக்கு வருபவர்களுக்கு ஜன்னல் இல்லாத உள்அறை போதும். ஆனால் பாட்டி வந்தால் பால்கனிக்குக் கூடுதல் காசு கொடுக்கத் தயங்காதீர்கள். என் மாமியார் விடிவதற்கு முன்பே எழுந்துவிடுவார். பிள்ளைகளின் தூக்கம் கெடாமல் அவர் உட்கார்ந்து சகஸ்ரநாமம் சொல்ல அந்தப் பால்கனிதான் இடம்.

இந்திய பாஸ்போர்ட்காரர்கள் கவனிக்க வேண்டியது விசா. கப்பல் ஏறினால் சிங்கப்பூரை விட்டு வெளியேறியதாகத்தான் கணக்கு. திரும்பவும் உள்ளே வர, பலமுறை நுழைய அனுமதிக்கும் விசா வேண்டும். எஸ்ஜி அரைவல் கார்டு என்ற சிங்கப்பூர் வருகைப் படிவத்தையும் திரும்பி வருவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் மறுபடி நிரப்ப வேண்டும். கப்பல் நிற்கும் மலேசியா, தாய்லாந்து விசா விதிகள் மாறிக்கொண்டே இருக்கும். பணம் கட்டுமுன் பார்த்துவிடுங்கள்.

கெட்டில், ரைஸ் குக்கர், இஸ்திரிப் பெட்டி, எக்ஸ்டென்ஷன் வயர் எதுவும் வேண்டாம். ஸ்கேன் செய்யும்போதே எடுத்து வைத்துக்கொள்வார்கள். வீட்டில் சமைத்ததும் ஏறாது. கடையில் வாங்கி உறை பிரிக்காத முறுக்கு, பிஸ்கட் என்றால் பரவாயில்லை. சைவம், ஜைன உணவு எல்லாம் பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள். முதல் இரவு உணவு மேசையில் பரிமாறுபவரிடமும் ஒருமுறை சொன்னால் மறுநாளிலிருந்து அவரே நினைவு வைத்துக் கவனிப்பார்.

ஏறுகிற நாளின் மதியத்தைத்தான் பலர் வீணாக்குகிறார்கள். கப்பல் நிறுவனத்தின் ஆப்பில் சீக்கிரமான நேரத்தைத் தேர்ந்தெடுத்து மரினா பே கப்பல் முனையத்துக்கு வந்துவிடுங்கள். துறைமுகத்தில் நீங்கள் ஒப்படைக்கும் பெரிய பைகள் அறைக்கு வரச் சில மணிநேரம் ஆகும். நீச்சலுடை, மருந்து, பாஸ்போர்ட் மூன்றும் கைப்பையில் இருக்கட்டும். பாதுகாப்புப் பயிற்சியை முதலில் முடியுங்கள்: வீடியோ பார்த்துவிட்டு, உங்கள் கூடுமிடத்துக்குப் போய் முகம் காட்ட வேண்டும். அவசரத்தில் எங்கே ஓட வேண்டும் என்று பிள்ளைகளுக்கும் தெரிய வேண்டும், அவர்களையும் கூட்டிப் போங்கள். அப்புறம் அட்வென்சர் ஓஷன் என்ற சிறுவர் மன்றத்தில் பிள்ளைகளின் பெயரைப் பதியுங்கள். 3 வயது ஆகி, டயப்பர் விட்டிருக்க வேண்டும். டயப்பர் போட்ட குழந்தையை நீச்சல் குளத்திலும் விடமாட்டார்கள்.

கடலின்மேல் உயரத் தூக்கிக் காட்டும் நார்த் ஸ்டார் கூண்டுக்கு அன்றே ஆப்பில் நேரம் பிடியுங்கள். கடல்நாளில் எல்லாரும் அதற்குத்தான் வருவார்கள்.

போனை விமானப் பயன்முறையில் வைத்துவிட்டு கப்பலின் வைஃபையில் மட்டும் இணையுங்கள். இல்லாவிட்டால் நடுக்கடல் ரோமிங் கட்டணம் உங்களைக் கேட்காமலே ஏறும். பணியாளர்களுக்கான டிப்ஸாக ஆளுக்கு, ஒரு நாளைக்கு 18 அமெரிக்க டாலருக்கு மேல் கணக்கில் சேரும், குழந்தைக்கும் உண்டு. பட்ஜெட்டில் இதை முன்பே எழுதிவிடுங்கள்.

ஊர் தேர்வு செய்ய முடிந்தால் என் ஓட்டு பினாங்குக்கு. ஸ்வெட்டன்ஹாம் துறையில் இறங்கினால் ஜார்ஜ் டவுனின் லிட்டில் இந்தியாவுக்கு நடந்தே போகலாம். குயின் தெரு மாரியம்மன் கோயிலில் கும்பிட்டு, வாழையிலைச் சாப்பாடு முடித்துத் திரும்ப அரைநாள் போதும். புக்கெட்டில் பாத்தோங் கரைக்குச் சிறு படகில் மாறி ஏற வேண்டியிருக்கும்; முட்டி வலி உள்ளவர்களுக்கு அது சிரமம்.

கடைசி இரவு பெரிய பைகளைக் கதவுக்கு வெளியே வைக்கச் சொல்வார்கள். காலையில் உடுத்தும் துணியையும் செருப்பையும் எடுத்துத் தனியே வைத்த பிறகே பையைப் பூட்டுங்கள்.